நாலாவது குரல்

பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விட்டது. மணி இரண்டாகியும் பூரணி வெளியே வரவில்லை.

கமலேஸ்வரி மதில் நிழலில் நின்றாள். மற்றத் தாய்மார் போய்விட்டார்கள். துறைமுகக் குடியிருப்புப் பிள்ளைகளின் பஸ்ஸும் போய்விட்டது. உள்ளே யாரோ கதிரைகளை இழுத்து அடுக்கினார்கள்.

பூரணி, வகுப்பாசிரியை குசுமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலையில் கமலேஸ்வரி பின்னிவிட்டது இரட்டைப் பின்னல். இப்போது ஒற்றைப் பின்னலாக இருந்தது. நுனியில் நீல ரிப்பன்.

"மன்னிக்க, பூரணி அம்மா," என்றாள் குசுமா தமிழில். "பிள்ளை எனக்கு தமிழ் சொல்லித் தந்தது. நேரம் போனது."

குசுமா மாத்தறைக்காரி. கணவன் கடற்படையில் கணக்குப் பிரிவில் இருந்தான். பிள்ளைகள் இல்லை. அவள் பேசிய தமிழ் முழுவதும் ஏழு வயதுப் பிள்ளையின் தமிழ். சொற்களும், இழுவையும், தலையைச் சாய்ப்பதும் பூரணியுடையவை.

பரவாயில்லை என்று கமலேஸ்வரி ஆங்கிலத்தில் சொன்னாள். குசுமாவுடன் அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அவளுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஒரு சிங்களப் பெண்ணுடன் ஒரே அறையில் இருந்து பழகியது. அது பூரணிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது கமலேஸ்வரியின் ஒழுங்கு.

அவள் கல்வி உளவியல் விரிவுரையாளர். ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனமொன்றில் வேலை. இரண்டு மொழிகளுக்கிடையில் வளரும் பிள்ளைகளைப் பற்றி எழுதி ஓரளவு பெயர் வாங்கியிருந்தாள். ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைப் பற்றியது முதல் கட்டுரை. அந்தப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் நில், போ, அட்டை என்ற சோதனைச் சாவடிச் சொற்கள் மட்டும் தெரிந்திருந்தன. அந்தக் கட்டுரையைக் கொழும்பில் வாசித்தபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. இப்போது, 1997இல், கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டாம் மொழி பிள்ளையிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பது அதன் முடிவு. ஓர் இடத்துக்கு ஒரு மொழி என்று வைத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் சிங்களம், வீட்டில் தமிழ். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழி வகுப்புகளும் இருந்தன. தன் பிள்ளையைச் சிங்கள வகுப்பில் சேர்த்தாள். சொந்தக்காரர் சிலர் அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதில்லை.

முதல் வருடம் பூரணி வீட்டில் சிங்களத்தில் ஏதாவது கேட்டால், கமலேஸ்வரி விளங்காத முகத்துடன் நிற்பாள். பிள்ளை தமிழில் கேட்கும்வரை நிற்பாள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்று பிள்ளை முடிவெடுத்தது. கமலேஸ்வரி அந்த முடிவைத் திருத்தவில்லை.

வீடு இருந்த பாலையூற்றுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் எங்கே வேலை என்று கேட்டான். கமலேஸ்வரி பூரணியைப் பார்த்தாள். பூரணி முன்னே வந்தாள்.

"அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நான் சொல்கிறேன்," என்றாள் சிங்களத்தில். "அம்மா ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கிறார்."

"உனக்கு யார் இவ்வளவு நல்ல சிங்களம் சொல்லித்தந்தது?"

"குசுமா மிஸ்."

"நல்லவரா?"

"எனக்கு அவர் அம்மா மாதிரி. வீட்டு அம்மாவைவிட அவருக்குப் பொறுமை கூட."

சிப்பாய் சிரித்துக்கொண்டு கமலேஸ்வரியைப் பார்த்தான். அவள் விளங்காத முகத்தை வைத்திருந்தாள். அட்டையைத் திருப்பித் தந்தான்.

பஸ்ஸில் ஏறியபின் கேட்டாள். "என்னவாம்?"

"வேலை எங்க எண்டு கேட்டவர்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை அம்மா. சும்மா கதைச்சவர்."

மொழிபெயர்க்கும் பிள்ளை, தாய்க்கு நோகக்கூடியதை விட்டுவிடுகிறது. வேறொருத்தியின் பிள்ளையாக இருந்தால் ஆய்வின் நாலாம் அத்தியாயத்துக்கு நல்ல உதாரணம். கமலேஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பூரணி நீல ரிப்பனைத் தோளுக்கு முன்னே எடுத்துப் போட்டுத் தடவிக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் ஆனந்தராசா குசினி வாசலில் இருந்து சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அவளுடைய கணவர், துறைமுக அலுவலகத்தில் டைப் அடிக்கும் இலிகிதர்.

"தையில இருந்து பூரணியைத் தமிழ் வகுப்புக்கு மாத்தப்போறன்," என்றாள் கமலேஸ்வரி. "தவணை முடியமுதல் அதிபர் சிஸ்டருக்குச் சொல்லவேணும்."

"ஏன்? வகுப்பில முதலாவதா வாறாளே."

"முதலாவதா வாறது வேற. தான் ஆர் எண்டது இந்த வயசிலதான் பிடிபடும். அதுக்குத் தாய்மொழியில அத்திவாரம் வேணும்."

"இது எத்தினையாம் அத்தியாயம்?"

"பகிடி விடாதேங்கோ."

"நீர் எழுதினதை நான்தானே டைப் அடிச்சுத் தந்தனான். இரண்டாம் மொழி ஒண்டையும் பறிக்காது, இரண்டாம் மொழி ஒண்டையும் பறிக்காது. பக்கத்துக்குப் பக்கம் அடிச்சு என்ர விரல் தேஞ்சு போச்சு."

"அது பொதுவாச் சொன்னது."

"அப்ப இது?"

அவள் அரிசி களைந்தாள்.

"பொறாமை எண்டு சொல்லுமன்," என்றார் ஆனந்தராசா. "அதுக்கு அத்தியாயம் ஒண்டும் தேவையில்லை."

"பொறாமையோ? தலை பின்னிவிடுற ஒரு வாத்திச்சியிலயோ?"

"ஆரில எண்டு நான் சொல்லேல்லையே."

அவள் அரிசித் தண்ணீரை வாசலுக்கு ஊற்றினாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"குரல் சோதனை ஒண்டு மிச்சம் இருக்கு," என்றாள். "பூரணியின்ர வகுப்பிலயும் செய்யப்போறன். அதில பாப்பம். அவள் அந்த மனுசியைத்தான் எடுக்கிறாளெண்டா, மாத்துறதுக்கு என்னட்ட ஆதாரம் இருக்கு."

"இல்லையெண்டா?"

"இல்லையெண்டா விடுறன்."

குரல் சோதனை எளிமையானது. இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் ஒருவர் ஒரே பந்தியை இரண்டு மொழியிலும் வாசிப்பார். இடையில் வேறு ஆட்களின் குரல்கள் சேர்க்கப்படும். இரண்டும் ஒரே ஆள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஒவ்வொரு குரலையும் பற்றி அவர்களிடம் கேட்பார்கள். கெட்டிக்காரியா, உண்மை பேசுவாரா, விழுந்தால் இவரிடம் போவாயா. ஒரே ஆளின் இரண்டு குரல்களுக்கும் வித்தியாசமான பதில் வந்தால், பிள்ளை ஆளை அளக்கவில்லை, மொழியை அளக்கிறது என்று பொருள்.

வாசிக்க ஆள் கிடைப்பது கடினமாக இருந்தது. ஒலிநாடாவில் தன் குரல் இருப்பதை அந்த வருடங்களில் யாரும் விரும்பவில்லை. கூட வேலை செய்த நஜ்முன் நிஸாவை முதலில் கேட்டாள்.

"என்ட குரலா?" நிஸா சிரித்தாள். "நான் வாய் திறந்தாப் போதும், கிண்ணியாக்காரி எண்டு கைப்புள்ளைக்கும் விளங்கும். எடையில போடுற குரலெண்டா வாசிக்கிறன். மத்த ரெண்டையும் நீங்களே வாசிங்க டீச்சர்."

நிறுவனத்தின் பின்னறையில் யன்னலைச் சாத்திவிட்டுப் பதிவு செய்தார்கள். மழையில் குடையைத் தொலைத்த ஒரு பெண்ணைப் பற்றிய சின்னப் பந்தி. கமலேஸ்வரி தமிழில் வாசித்தாள். நிஸா நிறுத்தினாள்.

"விரிவுரை செய்றீங்க. பந்திய வாசிங்க."

மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் அப்படியே இருந்தது. கடைசியில் நிஸா கையை விரித்து, சரி, இதுதான் வரும் என்றாள்.

சிங்களத்தில் ஒரே தடவையில் முடிந்தது. நிஸா பொத்தானை அழுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"யாரு டீச்சர் இது? இருவது வயசுக் குமரி ஒருத்தி வந்து குடையத் தேடின மாதிரி இரிக்கி."

கமலேஸ்வரி தண்ணீர் குடித்தாள். அந்த மொழியைக் கற்றது விடுதிக் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு. அதில் அவள் யாரையும் ஒருநாளும் ஏசியதில்லை. யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.

"சிங்களத்தில இடைக்குரல் ஒண்டு வேணும்," என்றாள். "குசுமாட்டக் கேட்டிருக்கிறன். ஓமெண்டவ."

"குசுமாவா? அது புள்ளையளுக்குத் தெரிஞ்ச குரல். கேட்ட உடனே எங்கட மிஸ் எண்டு கத்துங்கள். சோதனையே போயிரும்."

"இடையில போடுறதுதானே. அதைக் கணக்கெடுக்கமாட்டன்."

"எடையில போட ஊரில வேற பொம்பளை இல்லையா?"

"அவ நல்லா வாசிப்பா."

நிஸா நாடாவைச் சுற்றிவிட்டாள். "உங்கட மாணவர் யாரும் இப்பிடிச் செஞ்சா நீங்க எழும்பி நிண்டு கிழிப்பீங்க," என்றாள்.

குசுமா அடுத்தநாள் வந்து வாசித்தாள். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது. நாளைக்கு வரட்டுமா என்று கேட்டாள். தேவையில்லை, இதுவே போதும் என்றாள் கமலேஸ்வரி.

சோதனை பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. தாய் எதிரில் இருக்கக்கூடாது என்பதால் கேள்விகளை நிஸா கேட்டாள். கமலேஸ்வரி புத்தக அலுமாரிகளுக்குப் பின்னால், பழைய வரைபடங்கள் சாத்தியிருந்த மூலையில் ஒரு கதிரையில் இருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்றாவது குரல் வந்ததும் ஒவ்வொருவரும் சிரித்தார்கள். எங்கள் மிஸ் என்றார்கள். சிலர் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த குரலை அவர்கள் கவனித்துக் கேட்கவில்லை. நிஸா சொன்னபடி சோதனை போய்விட்டது. கமலேஸ்வரி அதைப் பற்றி நினைக்கவில்லை. பூரணியின் முறைக்காகக் காத்திருந்தாள்.

பூரணி வந்தாள். கதிரை இழுபட்டது. நிஸா சிங்களத்தில் பேசினாள். பூரணியும் சிங்களத்தில் பதில் சொன்னாள்.

முதல் குரல் முடிந்தது.

"இது நீங்கள்தானே மிஸ்?"

"கேள்வி நான் கேட்பேன். அடுத்ததைக் கேள்."

இரண்டாவது குரல் தமிழில் தொடங்கியது. பூரணி களுக்கென்று சிரித்தாள்.

"இது என் அம்மா."

"சரி. ஆளை விடு. குரலை மட்டும் கேட்டுச் சொல். இவர் கெட்டிக்காரியா?"

"நிறைய."

"உண்மை பேசுவாரா?"

"எப்போதும்."

"விழுந்து முழங்கால் உரசினால் இவரிடம் போவாயா?"

கதிரை அசைந்த சத்தம் கேட்டது.

"எப்படி விழுந்தாய் என்று முதலில் கேட்பார். நான் கழுவிவிட்டுப் பிறகு போவேன்."

கமலேஸ்வரி மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். இது அவள் எதிர்பார்த்தது. இனி மூன்றாவது.

குசுமாவின் குரல் மூக்கால் வந்தது.

"குசுமா மிஸ்! தடிமன் பிடித்திருக்கிறது."

"விழுந்தால் இவரிடம் போவாயா?"

"ஐயோ, மிஸ்ஸுக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். நான்தான் மிஸ்ஸைப் பிடிக்க வேண்டும்."

"ஒரு நாள் இவர் வீட்டில் நிற்பாயா?"

"எதற்கு? மிஸ்ஸை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேனே."

கமலேஸ்வரி மூச்சை விட்டாள். விட்டது தனக்கே கேட்டது. இவ்வளவுதானா என்று தோன்றியது. எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கலாம் போல இருந்தது. சிஸ்டருக்கு என்ன சொல்வது என்பதும் முடிவாகிவிட்டது. பூரணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

நாலாவது குரல் தொடங்கியது. மழை, கடைத்தெரு, குடை. குரல் முடிந்தது.

"பூரணி?"

"இன்னொரு தரம் போடுங்கள் மிஸ்."

நிஸா நாடாவைப் பின்னுக்குச் சுற்றினாள். மறுபடியும் மழை, கடைத்தெரு, குடை.

"யார் இவர்?"

"சொல்லக்கூடாது. இவர் கெட்டிக்காரியா?"

"தெரியாது."

"உண்மை பேசுவாரா?"

"தெரியாது. இவரிடம் போவேன்."

"விழுந்தாலா?"

"விழாவிட்டாலும்."

நிஸா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. பூரணியைப் போகச் சொன்னாள். கதவு சாத்தியபின் அலுமாரிகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"குசுமாவ எடுக்கல்ல. இப்ப சந்தோசமா?" என்றாள். கமலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தபின் அவள் சிரிப்பு நின்றது. "டீச்சர், அதுவும் நீங்கதானே."

"ஓம்."

"பிறகென்ன? புள்ள உங்களத்தான் எடுத்திருக்கு."

"அவள் என்னை எடுக்கேல்லை நிஸா. என்னை அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கழுவிப்போட்டு வருவன் எண்டவள்."

"அப்ப சொல்லிருங்க. அந்த மிஸ் நான்தான் மகள் எண்டு. ஒரு வசனம் சிங்களத்தில கதைச்சாப் போதும்."

"மூண்டு வருசமாத் தெரியாத மாதிரி நிண்டனான் எண்டும் சொல்லவேணும். எப்பவும் உண்மை பேசுவா எண்டு சொன்னாளே, கேட்டனீங்கதானே?"

நிஸா நாடாவை வெளியே எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

விறாந்தையில் குசுமா நின்றாள். கையில் கொப்பிக் கட்டு. இவளைக் கண்டதும் தூணருகில் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பூரணி அம்மா... என்னை யாரும் எடுத்ததா?"

கமலேஸ்வரி அவளை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். முப்பது வயதுப் பெண். மூக்கு நுனி சிவந்திருந்தது. தலை பின்னத் தெரிந்த, ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிற ஒரு வாத்திச்சி. இவளை நினைத்துத்தான் இவ்வளவு நாளும் சோறு இறங்காமல் இருந்தது.

"நிறையப் பேர் எடுத்தவை," என்றாள் தமிழில்.

குசுமாவின் முகம் மலர்ந்தது. கமலேஸ்வரிக்கு அதில் ஒன்றும் நோகவில்லை. ஆனால் ஆனந்தராசா சொன்ன பொறாமை போகவும் இல்லை. அது அப்படியே இருந்தது. ஆள்தான் மாறியிருந்தாள்.

அன்று பூரணி பஸ் வேண்டாம், கொஞ்சத் தூரம் நடப்போம் என்றாள். கடற்கரைப் பக்கமாக நடந்தார்கள். மரக்கறிக் கடை வாசலில், ஊருக்குள் திரியும் மான் ஒன்று நின்று முட்டைக்கோவா இலையைத் தின்றது. கடைக்காரர் சாக்கால் அதை விரட்டினார். துறைமுகத்தில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று வந்து நின்றது.

"சோதனை எப்பிடி?" என்றாள் கமலேஸ்வரி. கேட்கக்கூடாத கேள்வி.

"நல்லம். உங்கட குரலும் வந்தது. நான் உடன கண்டுபிடிச்சிட்டன்."

"எப்பிடி?"

"நீங்கள் வாசிக்கேக்க நாங்கள் விளங்கிக்கொள்ளவேணும் எண்டு வாசிப்பீங்கள்."

"மற்ற ஆக்கள்?"

"நிஸா மிஸ். குசுமா மிஸ். கடைசியா ஒரு மிஸ் வந்தா. அவவைத் தெரியாது." பூரணி நடையை நிறுத்தினாள். "அவ நல்லா வாசிச்சா அம்மா. குடை துலைஞ்சதுக்கு அவவுக்குக் கவலையே இல்லை. மழையில நனையிறதும் நல்லம் எண்ட மாதிரி. உங்களுக்குச் சிங்களம் தெரிஞ்சிருந்தா உங்களுக்கும் பிடிச்சிருக்கும்."

"அப்பிடியோ."

"கண்டிப் பக்கத்து ஆள் போல. நீங்கள் பேராதனையில இருக்கேக்க அப்பிடி ஆரையும் காணேல்லையா?"

கமலேஸ்வரிக்கு அந்த விடுதி அறை நினைவுக்கு வந்தது. கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு சிரிக்கும் பெண் நினைவுக்கு வந்தாள், இருபது வயதுக் கமலேஸ்வரி. நோய், சோதனைச் சாவடி, கலாநிதிப் பட்டம், பிள்ளை ஒன்றும் இல்லாதவள். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையைச் சாப்பிட வைத்துப் பார், காய்ச்சலுக்கு இருந்து பார், விமானச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு படுத்துப் பார். அதற்குப் பிறகு வாசி.

சிங்கள வாக்கியம் ஒன்று வாய்க்குள் வந்து நின்றது. எளிமையான வாக்கியம். சொன்னால் பிள்ளை முதலில் சிரிக்கும். பிறகு கணக்குப் போடத் தொடங்கும். சோதனைச் சாவடியில் சொன்னது, பஸ்ஸில் சிநேகிதியுடன் கதைத்தது, விளையாடும்போது தனக்குத் தானே சொன்னது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். அவளுக்கு அந்தக் கெட்டித்தனம் தாயிடமிருந்து வந்தது.

"காணேல்லை," என்றாள் தமிழில்.

பூரணி கையை நீட்டினாள். கமலேஸ்வரி பிடித்துக்கொண்டாள். பஸ் தரிப்பிடத்துக்கு வந்தார்கள். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. பூரணி அதைப் பார்க்கவில்லை. தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மிஸ்ஸுக்குப் பிள்ளையள் இருக்கினமா?"